எண் அணிந்த சட்டை

அன்புள்ள ஐயா,

147573952589676412927 என்ற எண்ணைக் கணினியில் கொடுத்துப் பார்த்தேன். 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண் இது. பகு எண் என்றும் இரண்டே பகாக் காரணிகள் என்றும் நொடியில் சொல்லிவிட்டது. என்னைச் சிலிர்க்க வைத்தது வேறொன்று: 21 இலக்கங்களையும் கூட்டினால் 109, அது பகா எண்! இத்தகைய பண்புகளால் ஏதேனும் பயன் உண்டா?

கா.

அன்புள்ள கா.,

பயனை விட்டுத்தள்ளுங்கள். பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது கடினம் என்பதை நம்பித்தான் இணையத்தில் பல ரகசியங்கள் பூட்டப்படுகின்றன. அதற்கு 21 இலக்கம் போதவே போதாது.

இதே எண்ணோடுதான் நான் ஒரு வாரமாகக் குடித்தனம் நடத்துகிறேன். அதனால் உங்கள் சிலிர்ப்பைச் சும்மா விட முடியவில்லை. 109 என்பது எண் அணிந்திருக்கும் சட்டையின் அழகு, ஐயா! இரும முறையில் எழுதுங்கள்: வரிசையாக 67 ஒன்றுகள். கூட்டினால் 67, அதுவும் பகா எண்தான். துள்ளாதீர்கள். எட்டை அடிமானமாகக் கொண்ட எண்ம முறையில் ஒரு 1, அதன்பின் 22 ஏழுகள். கூட்டுத்தொகை 155, ஐந்தால் வகுபடும். பதினாறு அடிமானத்தில் 247, அதாவது 13 பெருக்கல் 19. எங்கே போயிற்று உங்கள் பகா எண்? நமக்குப் பத்து விரல்கள் வாய்த்ததற்கு அந்த எண் என்ன செய்யும்?

அதன் காரணி எதையும் 134-ஆல், அதாவது 67-இன் இரு மடங்கால், வகுத்துப் பாருங்கள், மீதி 1. எந்தச் சட்டையைக் கழற்றி எதை மாட்டினாலும் இது மாறாது. சிலிர்ப்பதென்றால் இதற்குச் சிலிர்க்கலாம்.

1644-இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் இதைப் பகா எண் என்று பட்டியலில் சேர்த்துவிட்டார். 1876-இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா இது பகு எண் என்று நிறுவினார், ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்காமல்! உடையும் என்று தெரியும், எங்கே உடையும் என்று தெரியாது. அப்படியே 27 ஆண்டுகள். 1903-இல் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் கரும்பலகைக்குப் போய், ஒரு சொல்லும் பேசாமல் அதன் இரு காரணிகளின் பெருக்கலைப் போட்டுக் காட்டிவிட்டு உட்கார்ந்தார் என்பார்கள். எவ்வளவு காலம் பிடித்தது என்று கேட்டதற்கு, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

விடையை மட்டும் எழுதிக் கொடுத்ததற்காக என் கணக்கு ஆசிரியர் வகுப்பு முடியும்வரை என்னை நிற்க வைத்தார். கால் வலித்தது. அந்த விடை சரிதான் என்பதில் எனக்கு இன்றும் கொஞ்சம் கோபம் உண்டு. ஆனாலும் உங்கள் கடிதத்தில் அந்த ‘நொடியில்’ என்ற சொல்லைப் படித்ததும் அவர் குரல்தான் எனக்குள் கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். அந்த இரு காரணிகளையும் எழுதுங்கள்: மேலே 761838257287, கீழே 193707721. கீழ் எண்ணில் ஏழு மூன்று முறை வருகிறது, ஒருமுறை பெருக்கினால் போதும். பூஜ்ஜிய வரிசைக்கு வேலையே இல்லை. இந்தச் சலுகையெல்லாம் பதின்மச் சட்டை தருவதுதான், ஒத்துக்கொள்கிறேன். மூன்றாம் வரிசையில் சறுக்கி நான் இரண்டு தடவை போட்டேன். உங்களுக்கு எந்த வரிசை என்று எழுதுங்கள்.