டூல் அண்டு டை படிக்க ஆசைப்படும் மகன்: ஓர் அம்மாவின் கேள்விக்குப் பதில்

ஓசூரிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு முடித்த மகன், பதினொன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், டூல் அண்டு டை (கருவியும் அச்சும் செய்யும் தொழில்) டிப்ளமோதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறான், சொந்தக்காரர்களோ "உலோகம் உருக்குற வேலைக்கா பிள்ளையை அனுப்பப் போறீங்க?" என்று கேட்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். அவனைச் சேரவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாசலில் பைக் நின்றால் அதன் இன்ஜினைப் பாருங்கள். கிராங்க் கேஸ், கிளட்ச் கவர் எல்லாம் பெரும்பாலும் அலுமினியத்தில் டை காஸ்டிங் செய்தவை. பூட்டின் உடல், கதவுக் கைப்பிடி, பையின் ஜிப்பைப் பிடித்து இழுக்கும் துண்டு போன்ற சின்னச் சின்னப் பொருட்களில் துத்தநாகக் கலவைதான் அதிகம். டை காஸ்டிங் என்றால், உருகிய உலோகத்தை மிகுந்த அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் (அதுதான் டை) செலுத்துவது. அச்சு நிரம்ப ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அலுமினியத்துக்கு 660 டிகிரி வேண்டும். உருகிய அலுமினியம் இரும்பையே அரிக்கும். அதனால்தான் துத்தநாக மெஷினில் அழுத்தும் பகுதி உலோகக் குழம்புக்குள்ளேயே மூழ்கியிருக்கும் (ஹாட் சேம்பர்). அலுமினியத்தைத் தனி உலையில் உருக்கி, ஒவ்வொரு முறையும் அள்ளி ஊற்ற வேண்டும் (கோல்டு சேம்பர்). அச்சின் ஆயுளும் இதைப் பொறுத்ததுதான். துத்தநாக அச்சு நல்ல பராமரிப்பில் பத்து லட்சம் ஷாட் (ஒருமுறை வார்ப்பது ஒரு ஷாட்) வரைகூடப் போகும். அலுமினிய அச்சு பொதுவாக ஒன்று, ஒன்றரை லட்சத்திலேயே களைத்துப்போகும். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறித் தாக்குவதால் அச்சின் மேற்பரப்பில் மயிரிழை விரிசல்கள் விழும். அதைச் சரிசெய்யவும் புது அச்சு செய்யவும் ஆள் எப்போதும் தேவை. உங்கள் மகன் படிக்க நினைப்பது அந்த வேலையைத்தான். அவன் நாள் முழுக்க நிற்கப்போவது உலைக்கு முன்னால் இல்லை. அச்சு செய்யும் டூல் ரூமில், கணினி சொல்கிறபடி உலோகத்தைச் செதுக்கும் சிஎன்சி மெஷினோடும் கணினித் திரையோடும்.

"எலெக்ட்ரிக் வண்டி வந்துவிட்டால் இந்தத் தொழில் போய்விடாதா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். சரியான கேள்வி. கிராங்க் கேஸ், கார்புரேட்டர் போன்றவை குறையும். கார்புரேட்டர் ஏற்கெனவே குறைந்துவிட்டது. ஆனால் மோட்டார், அதைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் இரண்டுக்கும் எடை குறைவாகவும் சூட்டைக் கடத்துவதாகவும் ஒரு கூடு வேண்டும். அலுமினியம் அதற்கு நன்றாகப் பொருந்துகிறது. எலெக்ட்ரிக் கார் செய்யும் டெஸ்லா 2020 வாக்கில் மாடல் ஒய் காரின் பின்பக்க அடிப்பாகத்தையே ராட்சத மெஷின்களில் வார்க்கத் தொடங்கியது. முன்பு எழுபது துண்டுகள்வரை சேர்த்துப் பற்றவைத்த இடம் அது. உங்கள் ஊரையே பாருங்களேன்: டிவிஎஸ் மோட்டார் ஓசூரில், ஏதர் ஓசூரில், ஓலாவின் ஆலை போச்சம்பள்ளிப் பக்கம். எந்த வண்டி ஓடினாலும் அதற்கு அச்சு செய்ய ஆள் வேண்டும்.

பயம் பற்றி. உருகிய அலுமினியத்தில் ஈரம் பட்ட ஓர் உலோகக் கட்டி விழுந்தால்கூட வெடித்துத் தெறிக்கும்; இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. பெரிய ஆலைகளில் ரோபோ அள்ளி ஊற்றுகிறது, பல சின்னப் பட்டறைகளில் இன்னும் கையால்தான். பயிற்சிக்கு எந்த இடத்துக்கு அனுப்புகிறார்கள் என்பதை நீங்கள் கேட்டே ஆக வேண்டும். அப்புறம், நைட் ஷிப்ட் உண்டு. முதல் சில வருடம் சம்பளம் ஐடி வேலைக்குப் போன நண்பனோடு ஒப்பிடும்படி இருக்காது. கை தேறிய டூல் மேக்கரை நிறுவனம் எளிதில் விடாது என்பதை நான் தைரியமாகச் சொல்வேன்.

எங்கே சேர்ப்பது? ஹைதராபாத்தின் மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனத்தில் பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான்கு வருட டூல், டை அண்டு மோல்டு டிப்ளமோ இருக்கிறது. என்டிடிஎஃப் (நெட்டூர் தொழில்நுட்பப் பயிற்சி அறக்கட்டளை) நடத்தும் டிப்ளமோவும் நல்ல பெயர் எடுத்தது. செலவு குறைய வேண்டுமென்றால் அரசு ஐடிஐ-யில் டூல் அண்டு டை மேக்கர் பிரிவு, இரண்டு வருடம். பொறியியல் கதவு மூடிவிடுமோ என்று கவலை வேண்டாம். அங்கீகாரம் பெற்ற டிப்ளமோ முடித்தவர்கள் தமிழ்நாட்டில் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். எனவே எந்த டிப்ளமோவானாலும் அந்த அங்கீகாரம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உலோகவியல் பிடித்துப்போனால் சேலம் அரசு பொறியியல் கல்லூரியிலும் கோவை பிஎஸ்ஜியிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. வார்ப்புக்குள் காற்றுக் குமிழ் எங்கே சிக்கும் என்று அச்சு செய்வதற்கு முன்பே கணினியில் கணக்கிடும் வேலைக்கு அந்தப் படிப்பு கைகொடுக்கும்.

சேர்ப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அவனிடம் ஒரு பழைய பூட்டைக் கொடுத்து, பிரித்து, மூன்று பக்கத்திலிருந்தும் அளவோடு படம் வரையச் சொல்லுங்கள். அலுத்துக்கொள்ளாமல் உட்கார்ந்து முடித்தான் என்றால் விண்ணப்பத்தை வாங்கிவிடலாம். முக்கோணவியலில் தடுமாறுகிறான் என்றால் இந்த விடுமுறையிலேயே அதற்கு ஒரு ட்யூஷன் வைத்துவிடுங்கள். டூல் ரூமில் அது தினமும் தேவைப்படும்.