மாயா சமூகங்களில் மருத்துவச்சிகளுக்குக் கிடைக்கும் மதிப்பு, பெண்களின் நிலையை உண்மையிலேயே உயர்த்தியிருக்கிறதா?

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் மலைப்பகுதியில் உள்ள மாயா பழங்குடி மக்களின் ஊர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிரசவ வார்டில் செவிலியாக இருப்பதால் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிப்பேன்.

ஊருக்குள் உயர்த்தியிருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் இல்லை.

அங்கே மருத்துவச்சி வேலை பிழைப்புக்காக எடுத்துக்கொள்வதல்ல. 260 நாள் புனித நாட்காட்டியில் பிறந்த நாள், திரும்பத் திரும்ப வரும் கனவு, காரணம் பிடிபடாத நோய், இவற்றை வைத்து ஒரு பெண்ணுக்குத் தெய்வ அழைப்பு வந்துவிட்டது என்கிறார்கள். மறுத்தால் அவளுக்கோ பிள்ளைகளுக்கோ உயிருக்கே ஆபத்து என்பது நம்பிக்கை. சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. பெண் ராத்திரியில் தனியாக வெளியே போவதை ஒப்புக்கொள்ளாத வீட்டில், தெய்வமே கூப்பிட்டுவிட்டது என்றால் கணவன் என்ன செய்வான்? அத்தித்லான் ஏரிக்கரையில் உள்ள சான் பெத்ரோ லா லகூனாவில் ஆய்வு செய்த மானுடவியலாளர்கள், கணவன்மார் முதலில் முரண்டுபிடித்ததையும் பிறகு வழிவிட்டதையும் எழுதியிருக்கிறார்கள். நிலமும் படிப்பும் ஆண்பிள்ளைக்கே முதலில் என்றிருந்த ஊரில் இது சாதாரண விஷயமில்லை.

கர்ப்ப காலத்தில் வயிற்றை நீவிப் பார்ப்பது, பிரசவத்துக்குப் பின் தாயை நீராவிக் குளியல் அறையில் வைத்து மூலிகையால் ஒத்தடம் கொடுப்பது, எல்லாம் மருத்துவச்சியின் பொறுப்பு.

அதே பெண் ரத்தப்போக்குள்ள தாயைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், பல இடங்களில் வாசலோடு நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே பேச்சு ஸ்பானிஷில். தாய்க்குத் தெரிந்தது கிச்சே, மாம் போன்ற ஒரு மாயா மொழி. ஏன் தாமதம் என்ற திட்டு மட்டும் மருத்துவச்சிக்கு. தாமதம் ஆபத்துதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போனால் அவமானம் என்று தெரிந்த இடத்துக்கு யார் சீக்கிரம் கிளம்புவார்கள்? அதே மலைப்பகுதியில் உள்ள தெக்பான் ஊர்ப் பக்கம் 'மாயா சுகாதாரக் கூட்டணி' என்ற அமைப்பு மருத்துவச்சிகளிடம் படக்குறிகளால் இயங்கும் செல்போன் செயலியைக் கொடுத்தது. ஆஸ்பத்திரிக்குள் கூடவே வர, தாயின் மொழி பேசும் ஆளையும் ஏற்பாடு செய்தது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படும் தாய்மார் எண்ணிக்கை கூடியது. செயலியைவிடக் கூட வந்த ஆள்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் காசு. சேவை, தெய்வ வரம் என்று புகழ்ந்தே அரசு பல பத்தாண்டுகள் சும்மா வேலை வாங்கியது. 1950களிலிருந்து பயிற்சி கொடுத்தார்கள், சம்பளம் இல்லை. 2022இல்தான் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: ஆண்டுக்கு 3,000 கெட்சால் (அந்நாட்டுப் பணம்). அப்போதைய கணக்கில் ஏறக்குறைய ஒரு மாதக் குறைந்தபட்சக் கூலி. அதுவும் சுகாதார அமைச்சகத்தில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும்.