இடி இடிக்கும்போது சைக்கிள்: கேட்டவர்களுக்குப் பதில்

போன வாரம் நம் சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் சைக்கிளோடு இடிமழையில் பாதி வழியில் மாட்டிக்கொண்டு தொப்பலாக நனைந்தவர்கள் ஆளுக்கொரு சந்தேகம் கேட்டிருந்தீர்கள். என் பிழைப்பு கட்டடங்களுக்கு இடிதாங்கி போடுவது, ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, டயர் ரப்பர்தானே, மின்னல் நம்மை ஒன்றும் செய்யாதே?

பல கிலோமீட்டர் காற்றைக் கிழித்துக்கொண்டு இறங்குகிற மின்னலுக்கு உங்கள் ஒரு அங்குல ரப்பர் எம்மாத்திரம் தம்பி? காருக்குள் இருப்பவர் தப்பிப்பதும் டயரால் இல்லை. சுற்றியிருக்கும் தகரக்கூடு மின்சாரத்தை வெளிப்பக்கமாகவே மண்ணுக்குக் கொண்டுபோய்விடுகிறது. சைக்கிளில் ஏது கூடு?

என்னுடையது கார்பன் ஃபிரேம். இரும்பைவிடப் பரவாயில்லையா?

இல்லை. கார்பனும் மின்சாரத்தைக் கடத்தும். திறந்தவெளியில் நீங்கள் தனியாக உயர்ந்து நிற்பதுதான் சிக்கல், எந்த ஃபிரேமில் உட்கார்ந்திருந்தாலும்.

மழை தூற ஆரம்பித்ததும் ஒதுங்கினால் போதுமா?

இந்த நினைப்புதான் ஆபத்து. மழைக்கும் மின்னலுக்கும் சேர்த்து ஒரே கணக்குப் போடாதீர்கள், மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் விழும், உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே. மின்னலைப் பார்த்ததும் இடி கேட்கும்வரை வினாடிகளை எண்ணுங்கள்: 3 வினாடிக்கு 1 கிலோமீட்டர் தூரம். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் உடனே ஒதுங்க வேண்டும். நான் எண்ணுவதுகூட இல்லை, முதல் இடிச் சத்தத்துக்கே பிரேக்தான். அப்புறம், மழை விட்டதும் ஓடிவிடாதீர்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுக்க வேண்டும். இதில்தான் நம் ஆட்களுக்குப் பொறுமை கிடையாது.

காலையிலேயே கிளம்பிவிட்டால் தப்பிக்கலாமா?

பெரும்பாலும். இங்கே இடிமழை அதிகம் பிற்பகலில்தான், ஏப்ரல், மே, நவம்பரில் ரொம்பவே. ஆனால் சுமத்ரா சூறைக்காற்று என்று ஒன்று இருக்கிறதே, அது விடியற்காலையிலேயே இடிமழையோடு மேற்கிலிருந்து வரிசைகட்டி வரும். கிளம்புமுன் வானிலை காட்டும் மைஎன்வி செயலியை ஒருமுறை பாருங்கள்.

எங்கே ஒதுங்குவது? மரத்தடி? பஸ் ஸ்டாப்?

மரத்தடி கூடவே கூடாது. மரத்தில் விழுந்த மின்னல் பக்கத்தில் நிற்பவர்மேல் தாவும், வேர்ப்பக்கம் மண்ணிலும் பரவும், உங்கள் இரண்டு காலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியே அது உடம்புக்குள் பாயப் போதும். பஸ் ஸ்டாப் மழைக்குக் குடை, அவ்வளவுதான். வீவக புளோக்கின் (அரசு அடுக்குமாடிக் கட்டடத்தின்) கீழ்த்தளம் நல்ல இடம். நடுவாக நில்லுங்கள், தூணிலும் கம்பியிலும் சாயாதீர்கள், சைக்கிளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். எம்ஆர்டி ரயில் நிலையம், கோப்பிக்கடை எல்லாம் சரிதான். நம் ஊரில் திரும்பின பக்கமெல்லாம் ஒரு புளோக் இருக்கிறது, சாக்குச் சொல்ல முடியாது. சாங்கி கடலோரச் சாலை, பிடோக் ஜெட்டி மாதிரி இடங்கள்தான் வம்பு. அங்கே வானம் கறுத்தாலே திரும்பிவிடுங்கள். நடுவில் மாட்டிக்கொண்டால் தரையில் படுக்காதீர்கள், கும்பலாகவும் நிற்காதீர்கள், ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டுக் கட்டடம் இருக்கும் பக்கம் நகர்ந்துகொண்டே இருங்கள்.

என் பையன் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். மழையில்தான் ஆர்டர் கூடும் என்கிறான்...

அக்கா, அவன் சொல்வது உண்மைதான், அதனால் திட்டிப் பயனில்லை. "இடிக்கிறது, புளோக்குக்குக் கீழே நிற்கிறேன்" என்று வாடிக்கையாளருக்கு ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். ஓட்டும்போது சாலையின் வெள்ளைக்கோடு, சாக்கடை மூடி, வேலை நடக்கும் இடத்து இரும்புத் தகடு, இவை நனைந்தால் சோப்பு மாதிரி. அதன்மேல் திருப்பவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்குமா?

அடிக்காது. உடம்பில் மின்சாரம் தங்காது, தைரியமாகத் தொடுங்கள். ஆம்புலன்ஸுக்கு 995-ஐக் கூப்பிட்டு, மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், இதயத் துடிப்பை மீட்க மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியைப் பக்கத்துப் புளோக்கில் தேட இன்னொருவரை அனுப்புங்கள்.

மழை விடவே இல்லையென்றால் வீட்டுக்கு எப்படிப் போவது?

மடக்கு சைக்கிள் என்றால் மடக்கி எம்ஆர்டியில் ஏறிவிடலாம், 120க்கு 70க்கு 40 சென்டிமீட்டருக்குள் அடங்கினால் சரி. என்னுடையது மடங்காது, அதனால் கோப்பிக்கடையில்தான் உட்கார்ந்திருப்பேன்.