501-வது யூனிட்டின் விலை 233 ரூபாய்

கேள்வி: வருமானம் பாதியாகிவிட்டது. வீட்டுச் செலவைக் குறைக்க எங்கிருந்து ஆரம்பிப்பது?

சம்பளம் பாதியான மனிதரிடம் "வெளியே காபி குடிக்காதீர்கள், ஓடிடியை நிறுத்துங்கள்" என்று சொல்பவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அதையெல்லாம் நீங்கள் முதல் வாரமே நிறுத்தியிருப்பீர்கள். கரண்ட், காஸ், தண்ணீர் மூன்றும் யாரும் நிறுத்த முடியாத செலவு. பணம் ஒழுகுவதும் அங்கேதான், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள், வீட்டில் நாலு பேர், சொந்த மீட்டர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லாதவர்கள் உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கரண்ட் பில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. 2022 செப்டம்பரில் வந்த விகிதப்படி சொல்கிறேன், அதன் பிறகு விகிதம் மாறியிருக்கிறது, உங்கள் பில்லில் இருப்பதைப் போட்டுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட் 2.25. 201 முதல் 400 வரை 4.50. 401 முதல் 500 வரை 6 ரூபாய். ஆக, சரியாக 500 யூனிட் ஓட்டினால் 225 + 900 + 600, மொத்தம் 1,725 ரூபாய்.

501 ஆனால்? அந்த ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய் கூடும், அவ்வளவுதானே என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. 500-ஐத் தாண்டிய கணக்குக்கு அந்த 2.25 ரூபாய்ப் படியே கிடையாது. 101-லிருந்து 400 வரை எல்லாமே 4.50. அப்படியானால் 1,350 + 600 + 8, மொத்தம் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். நீங்கள் 560, 580 என்று வருகிற வீடாக இருந்தால் அந்த அறுபது, எண்பது யூனிட்டைக் குறைப்பதுதான் முதல் வேலை. 320-இல் நிற்கிற வீடு இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், நேராகக் காஸ் பகுதிக்குப் போகலாம்.

மீட்டரை நீங்களே படிக்க வேண்டும். டிஜிட்டல் மீட்டரில் தேதி, நேரம், வேறு சில எண்கள் மாறி மாறி வரும். பக்கத்தில் கே.டபிள்யூ.எச் (kWh) என்று வரும் எண் மட்டும்தான் உங்களுக்கு வேண்டியது. போன பில்லில் இருக்கும் எண்ணை அதிலிருந்து கழித்தால் இதுவரை ஓடியது தெரியும். 60 நாளுக்கு 500 என்றால் ஒரு நாளைக்கு 8.3 யூனிட். நாற்பதாவது நாள் பார்க்கும்போது 333-க்கு மேல் இருந்தால் எல்லையைத் தாண்டப்போகிறீர்கள் என்று அர்த்தம். 345 இருக்கிறது என்றால் மீதி இருபது நாளும் 7.75-க்குள் நிற்க வேண்டும். ஐம்பத்தெட்டாவது நாள் பார்த்துப் பதறுவதில் பிரயோசனம் இல்லை.

எங்கே குறைப்பது? "லைட்டை அணை" என்பது காது புளித்த யோசனை. 9 வாட் எல்இடி பல்பை நாள் முழுக்க எரித்தாலும் கால் யூனிட்கூட வராது. பெரிய ஆட்கள் வேறு.

ஏசி இருந்தால் 500-ஐத் தாண்ட வைப்பது பெரும்பாலும் அதுதான். ஒன்றரை டன் சாதாரண ஏசியின் கம்ப்ரஸர் ஓடும்போது மணிக்குச் சுமார் ஒன்றரை யூனிட் இழுக்கும். 18-இல் வைத்துப் போர்வை போர்த்துவதை விட 26-இல் வைத்து மெதுவாக ஃபேனைச் சுற்ற விடுங்கள். 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை ஏசிகள் 24-ஐ இயல்பு அளவாகக் கொண்டு வருகின்றன, அதுவும் சும்மா இல்லை. முன்பக்க வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயில் காட்டிக் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். தூசி அடைத்தால் காற்று குறையும், காற்று குறைந்தால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும்.

வாட்டர் ஹீட்டர் அடுத்தது. 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 42-க்கு ஏற்ற கால் யூனிட் ஆகும். நாலு பேர் குளித்தால் தினம் ஒரு யூனிட், ஒரு பில்லுக்கு 60. கொஞ்சம் முன்னே சொன்ன அறுபது இதுதான். செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் அணைத்தால் அது அணைவதில்லை, பத்து வாட் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். இரண்டு மாதத்தில் 14 யூனிட். சுவரில் இருக்கும் சுவிட்சை அணையுங்கள்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் கேஸ்கட், அதாவது கதவு ஓரத்து ரப்பர், சரியாக ஒட்டவில்லை. உடனே மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள். சோப்புத் தண்ணீரில் அதன் மடிப்புகளைத் துடைத்து, வெந்நீரில் நனைத்த துணியை அந்த இடத்தில் ஒத்தி, கையால் இழுத்து விட்டால் பல கேஸ்கட்கள் மறுபடி ஒட்டும். ஒட்டாவிட்டால் மாற்றலாம்.

ஃபேன் பற்றி ஒரு சண்டை எப்போதும் உண்டு. சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட், கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேன் 30 வாட். தினம் 15 மணி நேரம் என்றால் ஒரு பில்லுக்கு 40 யூனிட் மிச்சம், உண்மைதான். ஆனால் யூனிட் 4.50 என்றால் அது 180 ரூபாய். 3,000 ரூபாய் போட்ட காசு திரும்ப மூன்று வருடம் ஆகும். கையில் பணம் இல்லாத நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபேனைக் கழற்றிவிட்டுப் புதியது வாங்கச் சொல்ல மாட்டேன். அந்த 40 யூனிட்தான் உங்களை 500-க்குள் இறக்கும் என்றால் மட்டும் வாங்குங்கள். வாங்கினால் பழைய ரெகுலேட்டர் வழியாக இணைப்பு கொடுக்காதீர்கள், உள்ளே இருக்கும் சர்க்யூட் போய்விடும்.

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, அதனால் மாற்ற வேண்டும் என்கிறவர்கள் முதலில் கண்டன்சரை மாற்றிப் பாருங்கள். கடையில் கண்டன்சர் என்றே கேட்கலாம், நூறு ரூபாய்க்குள்தான். மேல் கப்புக்குள் ஒரு சின்ன டப்பா போல இருக்கும், பெரும்பாலும் 2.5 மைக்ரோ ஃபாரட். வருடக்கணக்கில் சூட்டில் இருந்து அதன் திறன் இறங்கிவிடும், ஃபேன் திணறும். அதன் மேல் என்ன எண் அச்சாகியிருக்கிறதோ அதையே வாங்குங்கள். வேகம் கூடும் என்று பெரிய எண் போட்டால் மோட்டார் சூடாகிக் காயில் கருகும். கை வைக்கும் முன் மெயினை அணையுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, பல வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் போட்டிருப்பார்கள், அணைத்தாலும் ஃபேனில் கரண்ட் இருக்கும். பயமாக இருந்தால் எலக்ட்ரீஷியனையே கூப்பிடுங்கள், உயிரை விட நூறு ரூபாய் பெரிதில்லை.

இனி காஸ். பாத்திரத்தின் அடி கரியாகிறதா? அப்படியானால் காசு கரியாகிறது. சுடர் நீலமாக, பர்னர் துளையோடு ஒட்டி எரிய வேண்டும். மஞ்சள் நுனி தெரிந்தால் காற்று சரியாகக் கலக்கவில்லை. பித்தளை பர்னரைக் கழற்றிப் புளித்தண்ணீரில் கொதிக்கவைத்து, ஒவ்வொரு துளையையும் ஊசியால் குத்தி, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள், ஈரத்தோடு மாட்டினால் மறுபடி மஞ்சளாக எரியும், "சுத்தம் பண்ணியும் சரியாகவில்லை" என்று என்னைத் திட்டுவீர்கள். பர்னருக்குக் கீழே அடுப்புக்குள் போகும் குழாயையும் பாருங்கள், பூச்சி கூடு கட்டியிருக்கும். சிறிய பாத்திரத்தைப் பெரிய பர்னரில் வைத்தால் சுடர் பக்கவாட்டில் ஏறி அடுப்படியைத்தான் சூடாக்கும்.

குக்கரில் விசிலை எண்ணுவது பழக்கம். ஒவ்வொரு விசிலும் நீங்கள் காசு கொடுத்து உண்டாக்கிய நீராவி வெளியே போவதுதான். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து நேரத்தைக் கணக்கிடுங்கள். அரிசிக்கு ஐந்து நிமிடம், ஒரு மணி நேரம் ஊறிய துவரம்பருப்புக்கு ஏழெட்டு நிமிடம். அணைத்த பிறகு பிரஷர் தானாக இறங்கட்டும், மீதி வேக்காடு அதிலேயே முடியும். ரேஷன் பருப்பு பழையதாக இருந்தால் இன்னும் அரை மணி கூடுதலாக ஊறப்போடுங்கள். குக்கரில் பிரஷர் ஏறவே வெகுநேரம் ஆகிறது என்றால் கேஸ்கட் தளர்ந்திருக்கிறது, சமைக்கும் முன் பத்து நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

சிலிண்டர் வந்ததும் எடை போடச் சொல்லுங்கள். வெறும் சிலிண்டரின் எடை அதன் மேல் எழுதியிருக்கும். 15.6 என்று இருந்தால் 14.2 கிலோ காஸோடு சேர்த்து 29.8 வர வேண்டும். "டெலிவரி பையனை ஏன் சந்தேகப்படுகிறீர்கள்" என்று யாராவது கேட்கக்கூடும். சந்தேகம் இல்லை, எடை போட்டுக் காட்டச் சொல்வது வாங்குகிறவர் உரிமை.

இண்டக்ஷன் அடுப்பு மிச்சமா என்று கேட்டால் உங்கள் மீட்டரைப் பொறுத்தது. 14.2 கிலோ காஸில் ஏறக்குறைய 180 யூனிட் சூடு இருக்கிறது. நம் அடுப்பில் அதில் 60 சதவீதம் பாத்திரத்துக்குப் போகிறது என்று வையுங்கள். இண்டக்ஷனில் 85 சதவீதம் போகும். அதனால் ஒரு சிலிண்டர் செய்யும் வேலையைச் சுமார் 125 யூனிட் கரண்ட் செய்துவிடும். யூனிட் 4.50 என்றால் 560 ரூபாய், 8 என்றால் 1,000 ரூபாய். சிலிண்டர் 870 என்று வைத்தால், 300 யூனிட் ஓட்டுகிற வீட்டுக்கு லாபம், 480 ஓட்டுகிற வீட்டுக்கு நஷ்டம், அதோடு 500-ஐத் தாண்டிய தண்டமும் சேரும். காஸில் என்ன செய்கிறீர்களோ அது கரண்டில் வந்து நிற்கும், இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

வாடகை வீட்டில் சப் மீட்டர், அதாவது வீட்டு உரிமையாளர் தன் இணைப்பிலிருந்து பிரித்து வைத்த மீட்டர் என்றால் மேலே சொன்ன கரண்ட் கணக்கெல்லாம் வீண். யூனிட்டுக்கு 10, 12 என்று ஒரே விலை. 200 யூனிட்டுக்குத் தனி இணைப்பில் மேலே சொன்ன 2022 விகிதப்படி 225 ரூபாய் வரும் இடத்தில் 2,400 கேட்கிறார்கள். அரசு தரும் 100 இலவச யூனிட்டும் எங்கே போகிறது என்று குடியிருப்பவருக்குத் தெரியாது. "மோட்டார், மாடிப்படி லைட் செலவு இருக்கிறது" என்பார்கள். இருக்கட்டும், அதைத் தனியாக எழுதிக் காட்டலாமே? எல்லா உரிமையாளரும் அப்படி இல்லை, தெரியும், நல்லவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். புது வீடு பார்க்கப் போகும்போது வாடகை, அட்வான்ஸுக்கு முன்னால் மீட்டரைப் பற்றிக் கேளுங்கள். 1,000 ரூபாய் கூடுதல் வாடகையில் தனி மீட்டர் வீடு பல நேரம் மலிவாக வரும்.

தண்ணீர். ராத்திரி படுக்கப்போகும் முன் ஃப்ளஷ் தொட்டியில் சொட்டு நீலம் பத்துச் சொட்டு விடுங்கள். யாரும் ஃப்ளஷ் பண்ணாமல் அரை மணி கழித்து டாய்லெட்டுக்குள் நீலம் இறங்கியிருந்தால், உள்ளே ரப்பர் வால்வு ஒழுகுகிறது. சத்தமே வராது. நிமிடத்துக்கு 100 மில்லி ஒழுகினால் நாளைக்கு 144 லிட்டர், இரண்டு மாதத்தில் 8,640 லிட்டர். சென்னையில் தண்ணீர் வாங்கும் வீட்டுக்கு இது ஏறக்குறைய ஒரு 9,000 லிட்டர் லாரி. அந்த ரப்பர் வால்வைக் கழற்றி, பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள், அளவு சொல்லி வாங்கினால் இரண்டு முறை அலைய வேண்டியிருக்கும். தொட்டியை நிரப்ப முன்னெல்லாம் இருபது நிமிடம் ஆன மோட்டார் இப்போது முப்பத்தைந்து எடுக்கிறது என்றால் ஃபுட் வால்வை, அதாவது தண்ணீரை உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் வால்வைப் பாருங்கள்.

கடைசியாக இட்லி மாவு. கிலோ 40, 50 என்று பாக்கெட் மாவு வாங்குகிறவர்களுக்கு மட்டும். ரேஷன் புழுங்கலரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு. ஒரு கிலோ அரிசி, கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் போட்டால் மூன்று கிலோ மாவு வரும், உளுந்துக்கு மட்டும்தான் பெரிய காசு. வாடை அடித்தால் அரிசியை நாலைந்து தண்ணீரில் கழுவி, ஐந்து மணி நேரம் ஊறவையுங்கள். உளுந்தைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைத்து, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், மிதந்தால் போதும். கிரைண்டர் இல்லாமல் மிக்ஸியில் அரைப்பவர்கள் ஐஸ் தண்ணீர் ஊற்றுங்கள், ஜார் சூடேறினால் மாவு பொங்காது, இட்லி கல்லாகும். அப்படி ஆகிவிட்டால் கொட்டாதீர்கள், வெங்காயம் போட்டு ஊத்தப்பத்துக்கு நன்றாகவே வரும்.