தானம் கொடுத்த தொப்புள்கொடி ரத்தத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: இரண்டாவது பிரசவத்தில் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைப் பொது வங்கிக்குத் தானமாகக் கொடுத்தோம். நான் வலியில் துடித்துக்கொண்டிருந்தபோதுதான் கையெழுத்து வாங்கினார்கள். "உங்க குடும்பத்துக்குத் தேவைன்னா உங்களுக்குத்தான் முதலிடம்" என்று ஆலோசகர் சொன்னார். மாமியார் அப்போதே வேண்டாம் என்றார், நான்தான் கேட்கவில்லை. இப்போது 6 வயது மூத்த மகளுக்கு ஃபான்கோனி ரத்தசோகை (எலும்பு மஜ்ஜை போதிய ரத்தம் உருவாக்கத் தவறும் நோய்) என்று உறுதியாகியிருக்கிறது. தொப்புள்கொடி ரத்தத்தில் உள்ள ஸ்டெம் செல்கள், அதாவது ரத்தம் உருவாக்கும் மூலச் செல்கள், மாற்றுச் சிகிச்சைக்கு உதவலாம். வங்கியில் கேட்டால் பொறுப்பாகப் பதில் சொல்ல ஆளில்லை. ஒப்புதல் செல்லாது என்று வழக்குப் போட்டு ரத்தத்தை மீட்க முடியுமா?

பதில்: மாமியாரும் ஆலோசகரும் சொன்னதை ஒதுக்கிவையுங்கள். இன்றைக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: அந்த ரத்தப் பை இன்னும் வங்கியில் இருக்கிறதா?

இருக்கும் என்று நம்பித்தான் எல்லோரும் வழக்குக்குக் கிளம்புகிறார்கள். ஆனால் தானமாக எடுக்கும் ரத்தத்தில் பெரும்பகுதி சேமிப்புக்கே போவதில்லை. பல வங்கிகள் 90 கோடி முதல் 150 கோடி வரை உட்கரு உள்ள அணுக்கள் இருந்தால்தான் பையை உறையவைக்கும். அளவு குறைந்தாலோ, கிருமி கலந்திருந்தாலோ, 48 மணி நேரத்துக்குள் பதப்படுத்த முடியாமல் போனாலோ, தாயின் ரத்தச் சோதனையில் தொற்று தெரிந்தாலோ அது ஆராய்ச்சிக்குப் போகும், அல்லது அழிக்கப்படும். இதைப் பெற்றோருக்குத் தெரிவிக்கும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது.

எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை. உரிமை விஷயத்தில் அதனால் விடை பெரிதாக மாறாது. பொது வங்கிகளின் படிவங்களில் மூன்று வாசகங்கள் அநேகமாக இருக்கும்: ரத்தத்தின் மீதான உரிமையை விட்டுக்கொடுக்கிறேன், எங்கள் குடும்பத்துக்குக் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை, வங்கி பிறருக்குத் தரலாம், ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம், அழிக்கலாம். இதில் கையெழுத்துப் போட்டபின் வாய்மொழி வாக்குறுதிக்கு மதிப்பு மிகக் குறைவு. கொடுத்த திசுவைத் திரும்பக் கேட்டவர்களுக்கு நீதிமன்றங்கள் கைகொடுத்ததும் அரிது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் – கேட்டலோனா வழக்கில், ஆராய்ச்சிக்குத் தந்த திசு கொடுத்து முடிந்த தானம், அதை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லும் உரிமை நோயாளிகளுக்கு இல்லை என்று 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி, "வலியில் வாங்கிய கையெழுத்து செல்லாது" என்ற வாதம். அதில் பலம் இல்லாமல் இல்லை. ஒப்புதலைப் பிரசவ வலிக்கு முன்பே பெறவேண்டும். முடியாவிட்டால் எடுப்பதற்கு மட்டும் ஒரு சுருக்கமான சம்மதம் வாங்கிவிட்டு, முழு ஒப்புதலைப் பிரசவத்துக்குப் பின் வாங்கவேண்டும் என்பது நல்ல வங்கிகளின் நடைமுறை. இரண்டாவது படிவம் உங்களிடம் வாங்கினார்களா என்று பாருங்கள். வாங்கியிருந்தால் இந்த வாதம் அங்கேயே முடிந்தது.

வாங்கவில்லை என்றால்தான் ஆபத்து. செல்லுபடியாகும் ஒப்புதல் இல்லாத பையை வைத்துக்கொள்ள வங்கிக்கு அனுமதி இராது, பொதுவாக அழித்துவிடுவார்கள். ஆக, வக்கீல் நோட்டீஸில் "ஒப்புதல் செல்லாது" என்று எழுதிய நாளே உங்கள் பையை அழிக்க நீங்களே காரணம் எழுதிக்கொடுத்தாயிற்று. வாதத்தில் ஜெயித்துப் பையைத் தோற்பது என்பது இதுதான்.

இரண்டாவது குழி இதைவிட ஆழம். ஃபான்கோனி பரம்பரை நோய். உடன்பிறந்தவருக்கு அது இருப்பதாகத் தெரிந்தால், அந்தப் பையை வங்கி அந்நியருக்குத் தராது. "இனி யாருக்கும் உதவாது" என்று சேமிப்பிலிருந்து நீக்கிவிடக்கூடும். இதை யாராவது சொல்லக் கேட்டதும் பெற்றோர் நோயை மறைக்கப் பார்க்கிறார்கள். மறைக்காதீர்கள். குடும்பத்தில் பரம்பரை நோய் தெரியவந்தால் அறிவிக்கவேண்டும் என்ற வாசகம் பெரும்பாலான படிவங்களில் இருக்கும். நீங்கள் மௌனமாக இருக்கும்போது பை வேறொரு குழந்தைக்குப் போனால், உங்களுக்கும் பை இல்லை, அந்தக் குழந்தைக்கு நேர்வதற்கான பொறுப்பும் உங்கள் தலையில் விழலாம். நோயைச் சொல்லும் அதே கடிதத்தில், அதே பத்தியில், "அழிக்க வேண்டாம், குடும்ப உபயோகத்துக்கென நிறுத்திவையுங்கள்" என்று கேளுங்கள். முதலில் தொலைபேசியில் நோயைச் சொல்லிவிட்டுக் கோரிக்கையைப் பிறகு அனுப்பலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

கடிதத்தை வக்கீல் எழுதக்கூடாது. மகளுக்கு ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை செய்யும் மருத்துவர், வங்கியின் மருத்துவ இயக்குநருக்கு ஒரு பக்கத்தில் எழுதட்டும். தாயின் பெயர், பிரசவ தேதியும் நேரமும், மருத்துவமனை, தெரிந்தால் பையின் எண். கேட்கவேண்டியவை: பை இருக்கிறதா என்று எழுத்துப்பூர்வ பதில், பிற நோயாளிகளுக்காகத் தேடும் பதிவேட்டிலிருந்து தற்காலிகமாக விலக்குதல், திசுப்பொருத்த விவரத்தைச் சிகிச்சை மையத்துக்கு அனுப்புதல். குறை ஒரு வரிகூட வேண்டாம். நோட்டீஸ் போன மறுநாளிலிருந்து வங்கியின் மருத்துவர்கள் உங்களிடம் பேசமாட்டார்கள். அவர்களுடைய வக்கீல்தான் பேசுவார். அவருக்கு எந்த அவசரமும் கிடையாது.

பை இருந்து, வங்கி இறங்கிவந்தால் செலவையும் ஏற்கச் சொல்வார்கள், "இனி உரிமை கோரமாட்டேன்" என்று விடுவிப்புப் படிவமும் நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டுவிடுங்கள். தரத்துக்கு உத்தரவாதம் இல்லை என்ற வாசகத்தையும் ஏற்கலாம். மூன்றாம் நபர் வழக்குத் தொடுத்தால் அந்த நஷ்டத்தையும் நீங்களே ஈடுசெய்யவேண்டும் என்ற வாசகத்தை மட்டும் நீக்கச் சொல்லுங்கள்.

பை இல்லை என்றால் விட்டுவிடுங்கள். யாருக்குப் போனது என்று சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. நஷ்டஈட்டு வழக்கிலும் முதல் கேள்வியே, பை இருந்திருந்தால் மகளுக்குப் பயன்பட்டிருக்குமா என்பதுதான். உடன்பிறந்தவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இரண்டாவது குழந்தைக்கும் அதே நோய் இருந்தால் அந்த ரத்தம் எப்படியும் உதவாது. பொருந்தி, நோயும் இல்லை என்றால், அக்குழந்தையின் எலும்பு மஜ்ஜையிலேயே அதே ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. நஷ்டம் எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்கும். சிறு குழந்தையிடம் மஜ்ஜை எடுக்கப் பெற்றோர் சம்மதம் மட்டும் போதாத இடங்கள் உண்டு. நெறிக்குழு அல்லது நீதிமன்ற அனுமதிக்கு நேரம் பிடிக்கும் என்பதால், இளைய குழந்தையின் பொருத்தச் சோதனையையும் ஃபான்கோனி சோதனையையும் வங்கியின் பதிலுக்குக் காத்திராமல் இந்த வாரமே செய்துவிடுங்கள்.