வரித் தகராறுக்குப் பங்காளர் தேடுகிறார்கள்: திருகோணமலைக் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (உவர்மலை): அக்கா, கொழும்பில ஒரு சட்ட நிறுவனம் வரித் தகராறு பார்க்க அனுபவமுள்ள பங்காளரைத் தேடுது. நான் 12 வருசமா இங்க காணி வழக்குப் பேசுறன். விண்ணப்பிக்கலாமா?

பதில்: பங்காளராக இப்போது வேண்டாம் தம்பி. காணி வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏற்றித்தான் உண்மையை வெளியே எடுப்பீர்கள். வரியில் பல வழக்குகள் முதல் கடிதத்திலேயே தீர்ந்துவிடும். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி, இவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று சொல்லும் மதிப்பீட்டு அறிவித்தல் கிடைத்து 30 நாட்களுக்குள், அதை மறுபடி பார்க்கும்படி உள்நாட்டு இறைவரி ஆணையாளர் நாயகத்திடம் நிர்வாக மீளாய்வு கேட்க வேண்டும். அதிலும் சரிவராவிட்டால் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு. அதற்கு மேல் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனால் அங்கே சட்டப் பிரச்சினை மட்டும்தான் எடுபடும். கீழே காட்டாத பற்றுச்சீட்டை அங்கே நீட்ட முடியாது.

நிலாவெளியில் விடுதி நடத்தும் ஒருவர் 41ஆவது நாள் என்னிடம் வந்தார். கடித உறையைப் பிரிக்காமலே மேசை லாச்சியில் வைத்திருந்தார். பிந்தியதற்கு நியாயமான காரணம் காட்டி எழுத, மருத்துவச் சான்றிதழைத் தேடி இரண்டு நாள் அலைந்தோம். இப்படி அலைந்து பழகியவர்தான் அந்தக் கதிரைக்குப் பொருத்தம். இரண்டு மூன்று வருடம் மூத்தவர் ஒருவருடன் இருந்து மீளாய்வுக் கடிதங்களை எழுதிப் பழகுங்கள். பிறகு தயங்காமல் விண்ணப்பம் போடுங்கள்.

கேள்வி (கிண்ணியா): நான் கணக்காளர். சட்டத்தரணியா இல்லாமல் இந்த வேலைக்குள்ள வரலாமா?

பதில்: ஆணைக்குழு வரை உங்களைப் போன்றவர்களின் கை நன்றாக ஓடும். நீதிமன்றத்துக்குச் சட்டத்தரணி வேண்டும். நல்ல பங்காளர் முதலில் தேடுவது உங்களைத்தான்.

கேள்வி (உப்புவெளி): நான் சிறிய சட்ட நிறுவனம் நடத்துறன். நேர்முகத்தில என்ன கேக்கலாம் அக்கா?

பதில்: வென்ற வழக்குகளைக் கேட்காதீர்கள் ஐயா. பெயரை மறைத்து, அவர் எழுதிய ஒரு மீளாய்வுக் கடிதத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் ஆவண இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 18 வீதமானபோது, முற்பணம் வாங்கியிருந்த வாடிக்கையாளருக்கு என்ன சொன்னார் என்றும் கேளுங்கள். ஏட்டைப் புரட்டியவரா, கடைக்குப் போய்ப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் புரட்டியவரா என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.