கத்தரிக்காய்க்கு எதற்கு சோப்பு?

கேள்வி: குரோம்பேட்டையில் முப்பத்தாறு வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. இந்த வருஷம் சங்கச் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. புதிதாக ஏதாவது தொற்று வந்து மறுபடி ஊரடங்கு போட்டால் கடை கண்ணிக்கு என்ன செய்வது என்று இப்போதே எழுதி வைக்கச் சொல்கிறார்கள். 2020-இல் பட்ட பாடு அப்படி. என் மாமியார் இன்றைக்கும் கத்தரிக்காயை சோப்புத் தண்ணீரில் போட்டுத்தான் எடுக்கிறார், பால் பாக்கெட்டைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைக்கிறார். இதெல்லாம் தேவையா? எத்தனை நாளைக்குச் சாமான் வாங்கி வைக்கலாம்? தள்ளுவண்டிக்காரரை உள்ளே விடலாமா? தொற்று வந்த ஒரு வீட்டாருடன் அன்று நடந்த சண்டை இன்னும் ஆறவில்லை. அதற்கும் ஒரு விதி வேண்டும்.

பதில்: மாமியாரிலிருந்தே தொடங்குவோம். அவர் மேல் தப்பே இல்லை. 2020 மார்ச்சில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வந்தது. கொரோனா வைரஸ் பிளாஸ்டிக்கிலும் எவர்சில்வரிலும் 72 மணி நேரம் வரை, அட்டைப் பெட்டியில் 24 மணி நேரம் வரை உயிர்ப்போடு இருக்கிறது என்றார்கள். ஆய்வுக்கூடத்துக்குள், நிறைய வைரஸைத் தெளித்துப் பார்த்த சோதனை அது. ஆனால் செய்தி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது 'பையைத் தொட்டால் போச்சு' என்று ஆகிவிட்டது. பேப்பர் போடுகிற பையன்களை எத்தனை வீடுகள் நிறுத்தின! 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம், மாசுபட்ட ஒரு பரப்பைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று சொன்னது. அந்தச் சேதி மட்டும் யார் வீட்டு வாட்ஸ்அப்புக்கும் வரவில்லை.

சோப்பு வேண்டாம். கத்தரிக்காய், வெண்டைக்காய், கீரை எல்லாம் தோலிலும் காம்படியிலும் சோப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது வயிற்றுக்குள் போனால் குமட்டல், வயிற்றுப்போக்கு வரும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே அப்போது சோப்பு, கிருமிநாசினி எதையும் காய்கறியில் போடாதீர்கள் என்று சொல்லியிருந்தது. குழாய்த் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினால் போதும். கீரையை அகலமான பாத்திரத்தில் அலசுங்கள், அடியில் மண் தங்குவது நிற்கும் வரை தண்ணீரை மாற்றுங்கள். உப்பும் மஞ்சளும் போட்டு ஊற வைப்பது உங்கள் வீட்டு வழக்கமென்றால் செய்யுங்கள், வெண்டைக்காயைத் தவிர. பூச்சி புழு வெளியே வரும். வைரஸ் சாகும் என்று மட்டும் நம்ப வேண்டாம். பால் பாக்கெட்டைக் குழாயில் காட்டி, துடைத்து, வெட்டிக் காய்ச்சுங்கள். வெயிலில் வைத்தால் பால் திரியும்.

ஒரு எச்சரிக்கை. அடுத்து வருவதும் காற்றில் பரவுவதாகவே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. காலரா, மஞ்சள் காமாலை, வாந்தி பேதி மாதிரி தண்ணீரிலும் கையிலும் பரவுவது வந்தால், கழுவுவதும் காய்ச்சுவதும்தான் முதல் வேலை. அதனால் எந்த ஏற்பாட்டுக்கும் முன்னால் 'இது எப்படிப் பரவுகிறது' என்ற கேள்வியைப் போடுங்கள். கீழே நான் சொல்வது காற்றில் பரவும் நோய்க்கு.

அந்த நோய்க்கு ஆபத்து பையில் இல்லை, வரிசையில் இருக்கிறது. 2020-இல் ரேஷன் கடை வாசலில் சுண்ணாம்பு வட்டம் போட்டார்களே, நினைவிருக்கிறதா? போடச் சொன்ன கூட்டத்தில் நானும் ஒருவன். மறுநாள் போய்ப் பார்த்தால் வட்டத்துக்குள் பையும் செருப்பும் செங்கல்லும் ஒழுங்காக இடைவெளி விட்டு நிற்கின்றன. ஆட்கள் எல்லாரும் எதிரே வேப்பமர நிழலில் தோளோடு தோள் உரசிக்கொண்டு, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, ஆயிரம் ரூபாயும் அரிசியும் இன்றைக்கே கிடைக்குமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஏப்ரல் வெயிலில் வேறெங்கே நிற்பார்கள்? நிழலை யோசிக்காமல் வட்டத்தை யோசித்தது நாங்கள்தான். டோக்கனில் நாளும் நேரமும் போட்டுக் கொடுத்த இடங்களில் இந்தத் தொல்லை குறைந்தது.

இதைவிடப் பெரிய கூட்டம் அறிவிப்பு வந்த மறுநாள் கூடியது. 2020 ஏப்ரல் 24 அன்று, சென்னை, கோவை, மதுரையில் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். 25-ஆம் தேதி கடைத்தெரு தீபாவளிக்கு முதல் நாள் போல இருந்தது. ஒரு மாதம் வீட்டுக்குள் இருந்து சேர்த்த பாதுகாப்பை ஒரே காலையில் செலவழித்தோம். 2021 மே மாதம் திரும்பவும் அதேதான். 24 முதல் மளிகைக் கடைகூடக் கிடையாது என்று சொல்லி, 22, 23 இரண்டு நாளும் இரவு 9 மணி வரை கடை திறக்க விட்டார்கள். உங்கள் ஏற்பாட்டின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: அறிவிப்பு வந்த நாளும் மறுநாளும் நம் குடியிருப்பிலிருந்து யாரும் கடைக்குப் போக வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

கோயம்பேடு காய்கறிச் சந்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'திறந்த வெளிதானே, ஒன்றும் ஆகாது' என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொல்வார். திறந்த வெளி நல்லதுதான். ஆனால் அந்தச் சந்தையில் ஆட்கள் இரவெல்லாம் நெருக்கியடித்து நின்றார்கள், விலை கூவினார்கள். சத்தமாகப் பேசும்போது வாயிலிருந்து வெளியேறும் துகள் பல மடங்கு கூடும். மூட்டை தூக்குகிறவர்கள் அங்கேயே சமைத்து, அங்கேயே வரிசையாகப் படுத்து எழுந்தார்கள். தொற்று பரவி 2020 மே 5 அன்று சந்தையை மூடியபோது அவர்களில் பலர் ஏற்கெனவே லாரியேறி ஊருக்குப் போயிருந்தார்கள். கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களில் எண்ணிக்கை எகிறியது அப்படித்தான். அதற்கடுத்த வாரம் திருமழிசையில் தற்காலிகச் சந்தை வந்தது. அதை முன்கூட்டியே செய்திருக்கலாம் என்பது என் கருத்து. கோவையிலும் திருச்சியிலும் அதற்கு முன்பே பேருந்து நிலையங்களுக்கும் மைதானங்களுக்கும் காய்கறிக் கடைகளை மாற்றிப் பிரித்திருந்தார்கள்.

இனி சாமான் கணக்கு. பதினான்கு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் அரசு ஏதாவது ஒரு வழியைத் திறந்துவிடும். 2020-இலும் 2021-இலும் காய்கறி வண்டிகள் தெருவுக்கு வந்ததைப் பார்த்தோம். மாதக்கணக்கில் வாங்கிக் குவித்தால் ரவையில் வண்டு வைக்கும், எதிர் வீட்டுக்காரருக்கு உளுந்து கிடைக்காது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இட்லி அரிசியும் சேர்த்து 15 கிலோ அரிசி, துவரம் பருப்பு 2 கிலோ, உளுந்து 1 கிலோ, கொண்டைக்கடலை பச்சைப்பயறு வகையில் 2 கிலோ, ரவையும் கோதுமை மாவும் சேர்ந்து 3 கிலோ, எண்ணெய் 2 லிட்டர். புளி, மிளகாய், உப்பு எப்படியும் மாதக் கணக்கில்தான் வாங்குகிறீர்கள். இதை ஒரே நாளில் வாங்க வேண்டாம். மாதச் சாமான் தீர்ந்த பிறகு வாங்கும் பழக்கத்தை மாற்றி, பாதி இருக்கும்போதே வாங்கினால் எந்த நாளிலும் இரண்டு வாரச் சாமான் வீட்டில் இருக்கும், கூடுதல் செலவும் கிடையாது. ரவையை வறுத்து டப்பாவில் போடுங்கள். மாத்திரை மட்டும் இரண்டு வாரம் போதாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு மாத்திரைகள் ஒரு மாதத்துக்குக் கையில் இருக்க வேண்டும், மருத்துவர் சீட்டின் படம் போனில் இருக்க வேண்டும்.

காய்கறியில் வாங்குவதைவிடச் சமைக்கிற வரிசைதான் முக்கியம். முதல் இரண்டு நாள் கீரை. பிறகு வெண்டை, கத்தரி, அவரை, பீன்ஸ். ஒரு வாரம் ஆனதும் முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட். கடைசி நாட்களுக்கு வெட்டாத பூசணி, சேனை, கருணை, உருளை, சின்ன வெங்காயம். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போட்டால் சீக்கிரம் கெடும், பிரித்து வையுங்கள். தேங்காயை உடைக்காமல் வையுங்கள். கறிவேப்பிலையை ஈரம் போக உலர்த்திக் காகிதத்தில் சுற்றினால் வாரம் தாண்டும். அதற்கப்புறமும் வண்டி வரவில்லையா, சுண்டைக்காய் வத்தல், மணத்தக்காளி வத்தல், மொச்சைக் குழம்பு, அப்பளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பாட்டிமார் ஊரடங்கு இல்லாமலேயே இதைத்தான் செய்தார்கள்.

அடுத்து, யார் போவது? முப்பத்தாறு வீட்டிலிருந்து முப்பத்தாறு பேர் போவதற்குப் பதில் ஆறு பேர் போகலாம், அல்லது யாருமே போகாமல் அண்ணாச்சி கடைப் பையன் வரலாம். 2021 மே 31 முதல் அரசே மளிகைக் கடைகளுக்கு அப்படித்தான் அனுமதி கொடுத்தது: போனில் ஆர்டர் எடு, வண்டியில் கொண்டு போய்க் கொடு. ஆறு ஆறு வீடாகப் பிரியுங்கள். குழுவுக்கு ஒருவர், அறுபதுக்குக் கீழ் வயது, நுரையீரல் நோயோ சர்க்கரையோ இல்லாதவர். மாலை ஆறு மணிக்குள் பட்டியல் அவருக்கு வந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு வந்தால் அடுத்த முறை. வாரம் ஒரு நாள் மளிகை, இரண்டு நாள் காய். கடைக்காரர் வீட்டு எண் எழுதிய பையில் கட்டி வைக்கட்டும். வாசலில் ஒரு மேஜை போட்டு வைத்தால், ஒரு மாடிக்காரர்கள் எடுத்துப் போன பிறகு அடுத்த மாடி இறங்கலாம். பணம் ஜிபேயில் போகட்டும். அது தெரியாத பெரியவர்களுக்குக் குழுக்காரர் கட்டிவிட்டு மாதக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம்.

சண்டை எங்கே வரும் தெரியுமா? தக்காளியில் வரும். 'எனக்கு மட்டும் அடிபட்டது வந்திருக்கு', 'நான் பிஞ்சு வெண்டைதான் கேட்டேன்'. அதனால் காய்கறிக்குப் பட்டியலே வேண்டாம். சில ஊர்களில் 2020-இல் நூறு ரூபாய்க்கு ஒரு காய்கறிப் பை என்று போட்டார்களே, அந்த முறை நல்லது. எல்லாருக்கும் ஒரே பை, ஒரே விலை. பாகற்காய் பிடிக்காதவர் பக்கத்து வீட்டில் மாற்றிக்கொள்ளட்டும்.

தள்ளுவண்டியைத் தாராளமாக விடுங்கள். ஏசி போட்டுக் கதவு மூடிய சூப்பர் மார்க்கெட்டில் பத்து நிமிஷம் நிற்பதைவிட, வெட்டவெளியில் வண்டிக்காரரிடம் இரண்டு நிமிஷம் வாங்குவது மேல். காற்றில் பரவும் நோய்க்கு இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வண்டி லிஃப்ட் பக்கமோ கார் நிறுத்தும் அடித்தளத்திலோ நிற்காமல் வாசலோரம் நிற்கட்டும். ஒருவர் வாங்கும்போது மற்றவர் பால்கனியிலிருந்து பார்க்கலாம். மேல் மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறக்குகிறவர்களைக் கேலி செய்யாதீர்கள். வண்டிக்காரர் மேல் மருந்து அடிப்பதை மட்டும் யாரும் ஆரம்பிக்கக் கூடாது. திருப்பூரில் 2020 ஏப்ரல் தொடக்கத்தில் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள், நாடே படம் பிடித்துப் போட்டது. அந்த மாதமே மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையும், பிறகு மத்திய சுகாதார அமைச்சகமும் மனிதர் மேல் தெளிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டன. கண்ணும் தோலும் எரியும், மூச்சுக்குள் இருக்கும் கிருமிக்கு ஒன்றும் ஆகாது.

கடைசியாக அந்தச் சண்டை. யாருடையது சரி என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லப் போவதில்லை. சென்னையில் அப்போது தொற்று வந்த வீடுகளுக்குத் தகரம் அடித்தார்கள். வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டும் வழக்கத்தைப் பற்றி 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் தகுந்த அதிகாரி உத்தரவிட்டால் தவிர ஒட்டக் கூடாது என்றது. ஆகவே சங்கத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. தகரம் அடித்தால் காய்ச்சல் வந்தவர் அடுத்த முறை சொல்ல மாட்டார், அவ்வளவுதான் நடக்கும். விதியைத் திருப்பி எழுதுங்கள்: காய்ச்சல் என்று சொன்ன வீட்டுக்குப் பால், காய், மாத்திரை, குப்பை நான்கையும் சங்கம் பார்த்துக்கொள்ளும். பையைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு மணி அடித்துவிட்டு நகர வேண்டும். குப்பை இரட்டைப் பையில் கட்டி, தனியாக, தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவருக்குக் கையுறையும் முகக்கவசமும் சங்கச் செலவு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். வீட்டு வேலைக்கு வரும் அக்காமாருக்கும் காவலாளிக்கும் வராத மாதச் சம்பளம் உண்டா இல்லையா? உண்டு என்று இப்போதே எழுதுங்கள். காவலாளி உள்ளேயே தங்க வேண்டி வந்தால் சாப்பாடு யார் வீட்டில் எந்த நாள் என்று முறை போடுங்கள். இதற்கும் அவசரச் சாமானுக்கும் வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் என்று ஒரு நிதியை அடுத்த பொதுக்குழுவிலேயே முடித்துவிடுங்கள். அறிவிப்பு வந்த பிறகு வசூலுக்குப் போனால் பாதிக் கதவு திறக்காது.